அந்தரத்தில் தொங்கிய குடிலும் ஒரு சுருள் படமும்

"கயித்தை விட்டீங்களோ, நாங்கள் ரெண்டு பேரும் கடலுக்குள்ளதான்!" என்று நிரோஜன் கத்தினான்.

யார் விடப் போகிறார்கள்? கயிற்றின் மறுமுனையைப் பாறையில் சுற்றிப் பிடித்திருந்தவர் ஐவார். முப்பது வருடம் ஆர்க்டிக் பனியில் வழிகாட்டியாக இருந்தவர். அவர் முன்னால் அந்த மரக்குடிலின் பாதி தரையில் இருந்தது. மீதிப் பாதி கடலுக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. முன்பெல்லாம் கடல் உறைந்து கிடக்கும், அலை வராது. இப்போது குளிர்காலத்திலும் அலை. அது குடிலின் அடிமண்ணைத் தின்றுவிட்டது.

சுகிர்தா இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். பயமா? இல்லை. துக்கமா? அதுவும் இல்லை. அண்ணன் கேதீஸ் மெல்லிய பனி உடைந்து கடலுக்குள் போன நாளிலிருந்து அவளுக்குள் எல்லாம் மரத்துக் கிடந்தது. சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், தூங்கினாள். அவ்வளவுதான்.

கேதீஸ் படப்பிடிப்பாளன். பன்னிரண்டு வருடம் இதே குடிலின் ஜன்னலிலிருந்து, ஒரே கேமராவால், எதிரே இருந்த பனியாற்றைப் படம் பிடித்தான். வேட்டைக்காரர், மீனவர், அவர்களின் பிள்ளைகள் எல்லாரையும் எடுத்தான். அவனை எடுக்கத்தான் ஆளில்லை! அவன் இறந்து ஒரு வருடம் நிறையும் ஆட்டைத்திவசத்துக்கு நினைவு மலர் அச்சடிக்க வேண்டும். அதன் அட்டைக்கு அவனுடைய படம் ஒன்றை அம்மா கேட்டால், வீட்டில் இருப்பது பதினாறு வயதுக் கடவுச்சீட்டுப் படம் ஒன்றுதான்.

போன வாரம் ஐவார் தொலைபேசியில் சொன்னார்: "கடைசி நாள் நான் அவனை ஒரு படம் எடுத்தேன். சுருள் இன்னும் அந்தக் கேமராவில்தான் இருக்கிறது. குடில்தான் அதிக நாள் தாங்காது."

அதற்காகத்தான் சுகிர்தாவும் மச்சான் நிரோஜனும் நோர்வேயின் வட முனையிலிருந்து, மீன் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு, கடல் தாண்டி இன்னும் வடக்கே இந்தத் தீவுக்கு வந்திருந்தார்கள்.

இருவரும் தவழ்ந்து உள்ளே போனார்கள். தரை முனகியது. ஜன்னலோரம் இரும்புத் தூணில் கேமரா! கோணம் ஒரு மயிரிழையும் மாறக் கூடாதென்று கேதீஸ் அதைத் திருகாணி போட்டு முறுக்கி வைத்திருந்தான். இப்போது துருவும் பனியும் சேர்ந்து அதை அசையவிடவில்லை. நிரோஜன் திருகுச்சாவியால் திருகினான், அடித்தான், திட்டினான். ம்ஹூம்!

"கேமரா வராது. சுருளை மட்டும் எடுப்பம்," என்றாள் சுகிர்தா.

"அவ்வளவுதானே!" நிரோஜன் பாய்ந்துபோய்ச் சுருட்டும் பிடியை விறுவிறென்று சுற்றினான். டக்!

அந்தக் குளிரில் படச்சுருள் காய்ந்த அப்பளம் மாதிரி. மெல்லச் சுற்றியிருக்க வேண்டும்.

"என்ன விசர் வேலை பாத்தனீ! அறுந்து போச்சு!"

"ஐயோ மச்சாள்... திறந்து எடுக்கேலாதோ?"

"திறந்தா வெளிச்சம் பட்டுப் படம் முழுக்கப் போயிடும். உன்ர ஜாக்கெட்டைக் கழட்டு. கெதியா!"

அவன் மறுபேச்சில்லாமல் கழற்றினான். அவள் அதைக் கேமராவின் மேல் இறுகப் போர்த்தி, இடுக்கெல்லாம் தன் சால்வையால் அடைத்து, சுருளைப் போடக் கொண்டுவந்த, வெளிச்சம் புகாத கறுப்புப் பேணியோடு தன் கைகளை ஜாக்கெட்டின் கைகள் வழியே உள்ளே நுழைத்தாள். உள்ளே இருட்டு. வெறும் விரல்களால் கேமராவின் பின்மூடியைத் திறந்து துழாவினாள். விரல்கள் இருப்பதே தெரியவில்லை!

வெளியே ஐவார் அலறினார்: "சாய்கிறது! வெளியே வாருங்கள்!"

சுகிர்தா கைகளை உருவி, வெளிச்சம் புகாமல் ஜாக்கெட்டின் நுனிகளை மடித்துவிட்டு, அவற்றை நிரோஜனின் அக்குளுக்குள் திணித்தாள்.

"அம்மாடியோ! ஐஸ் கட்டி!"

"அசையாதை!"

இருபது எண்ணினாள். உணர்ச்சி வரவில்லை. மறுபடி உள்ளே விட்டு, கண்ணை மூடி, காதைத் தீட்டினாள். நகம் பட்ட இடத்தில் சர்ரென்று ஒரு சத்தம். படம்! விரல் சொல்லாததைக் காது சொன்னது. சத்தத்தைக் கேட்டுக் கேட்டே சுருட்டினாள். பேணிக்குள் போட்டு மூடினாள்.

"ஓடு!"

கயிறு இழுத்தது. இருவரும் பனியில் உருண்டார்கள். பின்னால் குடில் ஒரு முறை திரும்பிப் பார்ப்பதுபோல் சாய்ந்து, கேமராவோடு கடலில் இறங்கியது.

"ஜாக்கெட்டும் போச்சு," என்றான் நிரோஜன், பல் கிடுகிடுக்க. ஐவார் தன் மேலங்கியை அவன்மேல் போட்டார்.

வியாழக்கிழமை படம் கழுவி வந்தது. பல படங்களில் கீறல். கடைசிப் படம் மட்டும் தெளிவு. ஜன்னலுக்கு நேர் முன்னால், வெறும் கற்களின்மேல் கேதீஸ் நிற்கிறான். வாய் திறந்திருக்கிறது, விரல் நீட்டியிருக்கிறது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஆரை ஏசுறான்?"

"ஐவாரை. பட்டனை மெல்ல அமத்தச் சொல்லியாம்."

"அவன் நிக்கிற இடம் எது பிள்ளை?"

"அவன் முதல் படம் எடுத்த வருசம் அதில பனி நிண்டதம்மா, வீட்டு உயரத்துக்கு. இப்ப வெறும் கல்லுத்தான்."

படம் எடுப்பவரையும் யாராவது ஒருமுறை எடுத்து வைக்க வேண்டும். இந்தப் பயணம் கற்றுத் தந்தது இவ்வளவுதான்.

"நினைவு மலருக்குச் சரிவருமோ, மாமி? வாயைத் திறந்துகொண்டு..." என்று இழுத்தான் நிரோஜன்.

அம்மா படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "வாயைத் திறந்து ஆரையேனும் ஏசிக்கொண்டு நிண்டால்தான் அவன் என்ர பிள்ளை. இதையே போடுங்கோ," என்றார்.