மல்லாந்து கிடந்தால்

சித்திரை வெயிலில் தார் ரோடு காலைச் சுட்டது. மதியம் பன்னிரண்டு மணிக்கு முதலாளி வீட்டுக்குப் போனேன். அவருடைய தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள் நான். குறுக்குப் பாதை இடுகாட்டை ஒட்டிப் போகிறது. காவியாவைப் புதைத்த மேடு தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை வெடித்துக் கிடந்தது. கோடையில் கரிசல் வெடிக்கத்தான் செய்யும். பார்க்காத மாதிரி தாண்டி வந்துவிட்டேன்.

காவியா முதலாளியின் ஒரே மகள். நாற்பது நாளுக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பழைய லேபிளின் பின்பக்கம் எழுதிக் காட்டுவாள். "வெயிலக்கா, ழ போடச் சொன்னா நண்டு வரையுதீங்களே" என்று சிரிப்பாள்.

முதலாளியம்மா ராமலட்சுமி கதவைத் திறந்தார்.

"வந்துட்டீங்களா யக்கா. அவிய ஆபீஸ்ல இருக்காவ. தனியா பாக்க முடியல."

காவியாவின் அறைக்குக் கூட்டிப் போனார். ஜன்னல் அடைத்திருந்தது. ஃபேன் ஓடவில்லை. ஈரத் தேங்காய் நாரும் புதுமண்ணும் கலந்த வாடை. மேசையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பரப்பிய தேங்காய் நார் மேல் கருப்பட்டி.

கருப்பட்டி என்பது காவியா சென்னையிலிருந்து வரவழைத்து வளர்த்த சிலந்தி. டரான்டுலா என்பாள். உள்ளங்கை அகலம் இருக்கும், உடம்பெல்லாம் மயிர். இருபது நாளாக இரை தொடவில்லையாம்.

இப்போது மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே பார்த்திருந்தன.

"செத்துப்போச்சும்மா" என்றேன்.

"இல்லக்கா. அதைப் படிங்க."

பெட்டியின் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. காவியாவின் எழுத்து. விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன்.

'சட்டை உரிக்கும் முன்னே பல நாள் சாப்பிடாது. மல்லாந்து படுக்கும். அசையாது. செத்துப்போச்சுன்னு நெனச்சு எடுத்துப் போட்டுராதீங்க. உள்ளே உசிரு இருக்கும். சட்டையைக் கழட்டிட்டு வந்துரும்.'

தரையில் உட்கார்ந்தோம். ஒரு மணி ஆனது. இரண்டு ஆனது. தெருவில் சத்தமே இல்லை. புழுக்கத்தில் என் முதுகு நனைந்து ஒட்டியது. பெட்டிக்குள் ஒரு கால் நடுங்கி நின்றது.

முதலாளியம்மா சிலந்தியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யக்கா. அவளும் நாலு நாளு சாப்பிடல."

நான் பெட்டியையே பார்த்தேன்.

"அவளும் இப்படித்தான மல்லாந்து கெடந்தா. மூச்சில்லன்னு அவியதான் சொன்னாவ. டாக்டர் யாரும் வந்து பாக்கல."

"விடுங்கம்மா."

"சொந்தபந்தம் வந்து சேருமுன்னே குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிட்டது நீங்கதான. சொல்லுங்க. ஒடம்புல சூடு இருந்துச்சா?"

இருந்தது.

மஞ்சள் சட்டையை மாட்டக் கையைத் தூக்கியபோது அக்குளில் என் விரல் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. பங்குனி வெயில், குளிப்பாட்டிய இடமோ தகர ஷெட், சூடாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே ஆள்கள் நின்றார்கள். கூலிக்காரி நான் என்னத்தைச் சொல்ல என்று பட்டனைப் போட்டேன்.

முதலாளியம்மா என் கையைப் பிடித்தார்.

"இல்லம்மா" என்றேன். "சில்லுன்னுதான் இருந்தா."

பெட்டிக்குள் தீக்குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

சிலந்தியின் முதுகு ஓடு மூடி போலக் கழன்றது. உள்ளிருந்து வெளிறிய ஒன்று நெளிந்தது. ஒவ்வொரு காலாக இழுத்தது. ஈரமாக, மெதுவாக. கடைசிக் கால் வெளியே வந்தபோது பெட்டிக்குள் இரண்டு சிலந்திகள் கிடந்தன. எது வெறும் சட்டை, எது உயிர் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முதலாளியம்மா அழவில்லை.

"பாத்தீங்களா. நாம எடுத்துப் போடல. வந்துருச்சு."

எழுந்தேன். வாசல் வரை வந்தார்.

"அவளுக்கு உங்க மேல ரொம்பப் பிரியம் யக்கா" என்றார், மெதுவாக.

இடுகாட்டுப் பக்கம் போகாமல் மெயின் ரோட்டைச் சுற்றி வந்தேன். வீட்டை அடைந்தபோது மணி நாலு. நான் தனிக்கட்டை. பூட்டு போட்டபடி இருந்தது. திறந்தேன்.

ஈரத் தேங்காய் நாரின் வாடை.

இல்லை. புதுமண் வாடை மட்டும்.

என் பாயில் மஞ்சள் சட்டை மல்லாந்து கிடந்தது. கை இரண்டும் விரிந்திருந்தன. நான் போட்ட பட்டன் ஒன்றும் கழலவில்லை.

தூக்கிப் பார்த்தேன். முதுகில் கழுத்திலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. உள்ளிருந்து கரிசல் கட்டி உதிர்ந்தது.

அக்குளில் கை வைத்தேன்.

சூடு இருந்தது.