நெரீனாவின் கைகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவர் லீவியோ மாத்திரையை நீட்டியபோது நெரீனா, "ரொம்ப நன்றிங்க" என்றாள்.

இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். மறதி முற்றிய பிறகு தம்பி என்று நினைத்திருக்கிறாள், திருடன் என்று பிடித்துத் தள்ளியிருக்கிறாள். அந்நியருக்குக் காட்டும் இந்த மரியாதை புதிது. வெளியே போரா என்னும் கடுங்குளிர்க் காற்று த்ரியெஸ்தே நகரத்தின் கூரைகளைப் பிடுங்கிவிடுவதுபோல் ஊளையிட்டுக்கொண்டிருக்க, அடுப்பில் கொதிக்கும் பீன்ஸ், புளித்த முட்டைக்கோஸ் வாசனை வீடெங்கும் கனத்துக் கிடக்க, கிழவர் தன் மனைவியின் சிரிப்பைப் பார்க்கப் பயந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரம் முழுவதும் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் திராகிட்சாவுக்கு அன்று விடுமுறை. படுக்கையறை ஜன்னலின் மரக்கதவு தாழ் கழன்று அடித்துக்கொண்டது. அதை மூடத்தான் எழுந்தார். அவர் போடும் ரத்த அழுத்த மாத்திரைக்கு எழுந்ததும் தலை சுற்றும். மெதுவாக எழச் சொல்லி டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். ஜன்னலை எட்டுவதற்குள் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்த சத்தம் முதலில் கேட்டது. வலி பிறகுதான் வந்தது.

உடம்புக்கடியில் மாட்டிக்கொண்ட இடது கை அசையவில்லை. மகள் ஃபுல்வியா வாங்கித் தந்த அவசர பட்டன் குளியலறைக் கொக்கியில் தொங்கியது. மாட்டுக்கு மணி கட்டுவது மாதிரி இருக்கிறது என்று கேலி செய்து, அவர்தான் கழுத்திலிருந்து கழற்றி அங்கே மாட்டியிருந்தார்.

நெரீனா வந்தாள். கால் தேய்த்து நடக்கிற நடை இல்லை. இளமை முழுவதும் மருத்துவமனை வார்டில் நர்ஸாக நடந்த அந்தப் பழைய நடை.

"பயப்படாதீங்க ஐயா, நான் இருக்கேன்."

ஒரு கணம் அவருக்கு அழுகையே வந்தது. அவள் மண்டியிட்டு, அவருடைய தடித்த கம்பளிச் சட்டைக் கையின் மேலேயே இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"பாவம். போயிட்டார்."

உயிரோடுதான் இருக்கிறேன் என்று அவர் கத்தினார். தன் காதுக்கருவியை அவள் காலையிலேயே எங்கோ கழற்றிப் போட்டிருந்தாள். தேடித் தர அவருக்குச் சலிப்பாக இருந்தது.

கூடத்தில் போன் அடித்தது. அவள் காதுக்காக உச்சத்தில் வைத்த ஒலிபெருக்கியில் மகளின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"அப்பா என்னம்மா பண்றார்?"

"ஒரு பெரியவர் இறந்துட்டார்மா. இப்பதான்."

"அது தாத்தாம்மா. அவர் செத்து எத்தனையோ வருஷமாச்சு. போன வாரமும் இதையேதான் சொன்னே. அப்பாகிட்ட கொடு."

"படுத்திருக்கார்."

லீவியோ இருந்த மூச்சையெல்லாம் திரட்டி மகளைக் கூப்பிட்டார். மரக்கதவு படாரென்று அடித்தது.

"என்ன சத்தம் அங்க?"

"காத்து."

"சரி, தூங்கட்டும். எழுப்பாதே. அடுத்த ஞாயிறு பேசறேன்."

நெரீனா கிண்ணத்தில் வெந்நீரோடு திரும்பினாள். நெற்றி, காதுமடல், கழுத்து என்று துடைத்தாள். எத்தனை வருடமாயிற்று அவள் இப்படித் தொட்டு. பிறகு அவருடைய வலது கையை விலாவோடு நேராக்கி, போர்வையால் இறுக்கிச் சுற்றி, ஓரங்களை உடம்புக்கடியில் செருகினாள். உள்ளிருந்து கை வெளியே வரவில்லை. தலைக்குட்டையைத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். பல்லோடு பல் மோதி மூடியது.

ஆன்மா வெளியேற வேண்டுமே. ஜன்னலை அகலத் திறந்தாள்.

போரா உள்ளே வந்தது. திரைச்சீலை பறந்தது. போர்வைக்குள் அவருடைய கால் விறைத்தது. வெளிச்சம் மங்கியது. அவள் ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். மகள் பெயர் மறந்தவள். ஒரு வார்த்தை பிசகவில்லை.

கடைசியில், அவருடைய இமைகளைக் கீழே இழுத்து மூடினாள்.

அவர் திறந்தார்.

மூடினாள்.

திறந்தார். நேராக அவள் முகத்தைப் பார்த்தார்.

"சிலருக்கு இப்படித்தான், உடனே மூடாது" என்றாள் பரிவோடு. மறுபடியும் மூடினாள். இந்த முறை விரல்களை எடுக்கவில்லை.