பேர்ளிக்கு வேறு தாள்

அன்று காலை அக்‌ஷராவை விட அவளுடைய அப்பாதான் அதிகம் நடுங்கிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் பெயர் தர்மராசா. பாரிஸில் லா ஷப்பல் பக்கத்தில் ஒரு தமிழ் உணவகத்தில் சமையல் வேலை. அன்றைக்கு லீவு எடுத்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவரைப் போலக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அக்‌ஷராவுக்குப் பதினொரு வயது. அம்மாவோடு முல்லைத்தீவிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வேறு நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்பு ஒரு சோதனை வைப்பார்கள். அதற்குத்தான் இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

“பேனை இருக்கோ?” என்று கேட்டார் அப்பா.

“ஓம் அப்பா.”

“மற்றப் பேனை?”

“அதுவும் இருக்கு. நீங்கள் தந்த எல்லாப் பேனையும் இருக்கு.”

“பக்கத்துப் பிள்ளையின்ர தாளைப் பாக்காதை. ஒருத்தரோடையும் கதைக்காதை. கதைச்சா எழுப்பி வெளியிலை விட்டிடுவினம். பிறகு பள்ளிக்கூடமும் கிடைக்காது.”

அப்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவராகவே நினைத்துக்கொண்டதுதான். ஆனால் அக்‌ஷரா அதை அப்படியே நம்பிவிட்டாள்.

சோதனை நடக்கும் அறைக்கு வெளியே நிறையப் பிள்ளைகள் நின்றார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மொழியில் பேசினார்கள். திடீரென்று ஒரு குரல் தமிழில் கேட்டது.

“அழாமல் போயிட்டு வா, பேர்ளி.”

அக்‌ஷரா திரும்பிப் பார்த்தாள். குட்டை முடி வைத்த ஒரு பிள்ளையை அவளுடைய அம்மா கட்டி அணைத்துக்கொண்டிருந்தார். ‘அப்பாடா, இன்னொரு தமிழ்ப் பிள்ளை!’ என்று அக்‌ஷராவுக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

உள்ளே இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. செசில் என்ற ஆசிரியை ஒவ்வொரு பெயராகப் பார்த்துப் பார்த்துத் தாள்களைக் கொடுத்தார்.

அக்‌ஷரா தாளைப் பார்த்தாள். நம்ப முடியாமல் மறுபடியும் பார்த்தாள். கணக்குகள் எல்லாம் தமிழில் இருந்தன! அவரவர் மொழியில்தான் தாள் போலும். எல்லாமே பிரெஞ்சில் வரும் என்று பயந்து நேற்று முழுக்க ஒழுங்காகச் சாப்பிடாமல் இருந்தவள் அவள். உடனே மளமளவென்று எழுதத் தொடங்கினாள்.

ஆனால் பக்கத்தில் எழுதும் சத்தமே கேட்கவில்லை.

அக்‌ஷரா ஓரக்கண்ணால் பார்த்தாள். பேர்ளியின் தாளில் ஒன்றுமே எழுதப்படவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தாளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கணக்குக் கஷ்டமோ?” என்று அக்‌ஷரா கிசுகிசுத்தாள். அப்பா சொன்னதை அந்த நேரம் மறந்தே போனாள்.

“எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது” என்றாள் பேர்ளி. “நான் இத்தாலியிலை பிறந்தனான். அங்கைதான் படிச்சனான். தமிழ் கதைக்க மட்டும்தான் தெரியும்.”

“அப்ப ரீச்சரிட்டைச் சொல்லன்.”

“எப்பிடிச் சொல்லுறது? பிரெஞ்சும் தெரியாதே.”

“சரி, நான் மெல்லமா வாசிக்கிறன். நீ கேட்டு எழுது.”

அக்‌ஷரா முதல் கணக்கைப் பாதி வாசிப்பதற்குள் செசில் வந்துவிட்டார். உதட்டில் விரலை வைத்து, “ஷ்!” என்றார். பிறகு முன் வரிசையில் இருந்த ஒரு நாற்காலியைக் காட்டினார். அங்கே போ என்று அர்த்தம்.

அக்‌ஷராவின் முகம் சுட்டது. தாளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கதவுக் கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது. மூக்குச் சப்பையாகும் அளவுக்குக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அவர் கண்கள் இரண்டும் வட்டமாக விரிந்திருந்தன.

‘இனி வாயே திறக்கக் கூடாது’ என்று அக்‌ஷரா நினைத்தாள். குனிந்து எழுதினாள். ஒரு கணக்கு முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது.

பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

பேர்ளிக்குக் கணக்குத் தெரியாது என்றல்லவா இவர்கள் நினைக்கப் போகிறார்கள்? தாள் மாறியது இந்த அறையில் தங்கள் இருவரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாதே!

அக்‌ஷரா பேனையை வைத்தாள். கையை உயர்த்தினாள். செசில் பார்க்கும் வரை அதை இறக்கவில்லை.

செசில் வந்தார். இப்போது என்ன சொல்வது? அக்‌ஷராவுக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்கள் எல்லாம் தெருவில் படித்தவைதான். கடைகள் பூட்டியிருந்தால் கதவில் ‘ஃபெர்மே’ என்று பலகை தொங்கும். திறந்திருந்தால் ‘உவேர்’ என்று தொங்கும்.

அவள் பேர்ளியைக் காட்டினாள். பிறகு தன்னுடைய தாளைக் காட்டினாள்.

“மதாம்... பேர்ளி... தமிழ் ஃபெர்மே!” கைகளால் கதவை மூடுவது போலக் காட்டினாள். “இத்தாலி உவேர்!” கைகளை அகலமாக விரித்தாள்.

அறையே அவளைத் திரும்பிப் பார்த்தது. செசில் ஒரு கணம் விழித்தார். பேர்ளியிடம் போய் அவளுடைய வெறும் தாளைப் பார்த்தார். இத்தாலிய மொழியில் மெதுவாக ஏதோ கேட்டார். பேர்ளி வேகமாகத் தலையாட்டினாள். பிறகு அணை உடைந்தது போல இத்தாலிய மொழியில் பொழிந்து தள்ளினாள்.

செசில் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். அலுமாரியைத் திறந்து வேறொரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். பேர்ளி கண்ணைத் துடைத்துவிட்டு, தாளில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து எழுதத் தொடங்கினாள்.

அக்‌ஷராவுக்குக் கடைசிக் கணக்கை முடிக்க நேரம் போதவில்லை.

வெளியே வந்ததும் அப்பா ஓடி வந்தார். “ஏன் பிள்ளை எழுப்பினவ? என்ன செய்தனி?”

பெற்றோருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஸ்டெஃபானி என்ற பெண் அங்கே இருந்தார். பாண்டிச்சேரிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் செசிலிடம் பேசிவிட்டு அப்பாவிடம் வந்தார்.

“பயப்படாதீங்க சார். உங்க பொண்ணு தப்பு எதுவும் செய்யல. மதாம் குடும்பப் பேரை மட்டும் பார்த்துட்டு அந்தப் பொண்ணுக்குத் தமிழ்த் தாள் கொடுத்துட்டாங்க. எந்த மொழியில படிச்சேன்னு முதல்லயே கேட்டிருக்கணும்னு சொல்றாங்க.”

செசில் அக்‌ஷராவின் முன்னால் குனிந்து, “பர்தோன்” என்றார். மன்னித்துக்கொள் என்று பொருள். அந்தச் சொல்லும் அக்‌ஷராவுக்குத் தெரியும். மெட்ரோ ரயில் நெரிசலில் அடிக்கடி கேட்பாள்.

“அப்ப இவவை பெயில் ஆக்க மாட்டியளோ?” என்று அப்பா கேட்டார்.

ஸ்டெஃபானி சிரித்தார். “இதுல பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. பிள்ளைக்கு என்ன தெரியும், எந்த வகுப்புல சேர்த்தா நல்லதுன்னு பார்ப்பாங்க, அவ்வளவுதான். அடுத்து பிரெஞ்சுல பேசச் சொல்லணும். ஆனா மதாம், இவ ஏற்கெனவே நல்லாப் பேசிட்டான்னு சொல்றாங்க!”

பேர்ளியின் அம்மா வந்து அக்‌ஷராவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பேர்ளி கேட்டாள். “நீ எந்தப் பக்கம் இருக்கிறாய்?”

“லா ஷப்பல்.”

“நாங்களும் அங்கைதான்!”

சில நாட்களில் செய்தி வந்தது. இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம். பிரெஞ்சு படிக்கவும் ஒரே வகுப்பு.

முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன அப்பா, வழியில் கண்டவர்களிடம் எல்லாம், “என்ர மகள் சோதினையிலை முதலாம் பிள்ளை” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அக்‌ஷரா அவரைத் திருத்தவில்லை. அதற்கு நேரமும் இல்லை. பள்ளி வாசலில் நின்றுகொண்டு பேர்ளி இரண்டு கைகளையும் ஆட்டி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.