எடை குறையாத மட்டை

செவ்வாய்க்கிழமை காலை ஏலவார்குழலி முதல் இட்லியைச் சட்னியில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில், ஷஹர்பானு கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். தட்டுவதற்கான பொறுமையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையே தீர்ந்துபோயிருந்தது.

"என் வூட்டுக்காரரை ஸ்டேஷன்ல குந்த வச்சிருக்காங்க. திருடனாம். நீங்க இட்லி துன்னுகினு இருக்கீங்க."

"முடிச்சுட்டுப் பேசலாமாம்மா?"

"முடியாது."

ஏலவார்குழலி தட்டைத் தள்ளிவைத்தார். அவர் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகச் சேதம் மதிப்பிடுகிறவர். எரிந்த பட்டுக் கடையின் சாம்பலை முகர்ந்து பார்த்து, அதில் பாதி பாலியஸ்டர் என்று சொல்லிவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. அந்த வருடம் காஞ்சிபுரத்தில் சேதங்களுக்குக் குறைவில்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் கோல்ஃப்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் தொழிற்சாலைகள் வந்து, அவற்றோடு கொரியாக்காரர்களும் வந்த பிறகு, பட்டு வியாபாரி தேவராஜனுக்குக் கோல்ஃப் ஆசை பிடித்தது. செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் தனக்கு இருந்த நிலத்தில் முள்ளை வெட்டி, புல் விதைத்துத் திடல் போட்டார். புல்லை ஆடுகள் மேய்ந்துவிட்டன. எனவே ஆட்டம் மண்ணில் நடந்தது. அவருடைய மாப்பிள்ளை ரங்கநாத் அமெரிக்காவிலிருந்து ஒரு மட்டை வாங்கி வந்தான். வெகுதூரம் அடிக்கிற மட்டை. அதற்கு டிரைவர் என்று பெயர். அதன் கைப்பிடி ரப்பர் தளர்ந்தபோது மாற்றித் தரத் தெரிந்த ஒரே ஆள் ஊரில் கௌஸ் பாஷாதான். வெல்டிங் பட்டறைக்காரர், ஷஹர்பானுவின் கணவர்.

"வெள்ளிக்கிழமை ரப்பர் மாத்திக் குடுத்துட்டாரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் திடல்ல போட்டி. தான் பார்த்த வேலை எப்படி இருக்குதுன்னு பார்க்கலாம்னு இவரும் போனாரு. போனதுதான் தப்பு." ஷஹர்பானு மூச்சு வாங்கினாள். "முதல் பந்து யாரோ மெட்ராஸ்காரர் காரோட பின்கண்ணாடில பூந்துச்சு. ரெண்டாவது பந்து சாம்பார் அண்டாவுல."

"சாம்பார்லயா?"

"உருளைக்கிழங்குன்னு நெனச்சு ஒருத்தருக்குப் பரிமாறியும் வச்சிட்டாங்களாம். அவரு ரெண்டு வாட்டி கடிச்சுப் பார்த்தாராம்."

ஏலவார்குழலியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஷஹர்பானுவுக்கும் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது பந்து தப்பியதும் தேவராஜன், "அசல் மட்டையை வித்துட்டுப் போலியைத் தந்துட்டான்" என்று கத்தி, பாஷாவின் சட்டைக் காலரைப் பிடித்துக் கடைத்தெரு வழியாகவே நடத்திக்கொண்டு போய் போலீஸில் ஒப்படைத்திருந்தார். கடைத்தெருவில் இருந்தவர்களில் பாதிப்பேர் பாஷாவிடம் கட்டில் கால் பற்றவைத்துக்கொண்டவர்கள்.

"இன்னைக்கு சாயங்காலம் கேஸ் எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். அனுப்பிட்டா அவ்ளோதான். அப்புறம் யாரு மேடம் பட்டறைக்கு வருவாங்க?"

"கார் கண்ணாடி உடைஞ்சதுன்னு எனக்குத் தகவல் வந்திருக்கு. எப்படியும் தேவராஜன் கடைக்குப் போகணும். நீ வீட்டுக்குப் போ, நான் பார்த்துட்டு…"

"நானும் வர்றேன்."

"வேணாம்மா."

ஷஹர்பானு அதற்குள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

தேவராஜன் கடையின் மாடியில் மெத்தை விரித்திருந்தது. நடுவில் மின் தராசு. பக்கத்தில் உறை போட்ட மட்டை, பிரேதப் பரிசோதனைக்குக் காத்திருப்பதுபோல் நீட்டிக் கிடந்தது. தேவராஜன் ஷஹர்பானுவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவங்களை எதுக்கு இட்டாந்தீங்க?"

"நான் இட்டாரலை. அவங்களா வந்தாங்க," என்றார் ஏலவார்குழலி. "மட்டை போலின்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பாஷா கைக்குப் போறதுக்கு முன்னாடி பந்து மட்டையோட ஓரத்துல பட்டாக்கூட நேராப் போகும். அங்க போய் வந்தப்புறம் பூசணிக்கா கணக்கா உருளுது. மூணாவது அடியில மட்டை தரையில கல்லுல பட்டுச்சு. பொறி பறந்துச்சு பாருங்க, மத்தாப்பு மாதிரி, வெள்ளை வெளேர்னு! அசலா இருந்தா அப்படிப் பறக்குமா?"

"வெள்ளையா? நல்லாப் பார்த்தீங்களா?"

"கண்ணு கூசிச்சு."

"பாஷா திருப்பிக் கொடுத்தப்போ சரிபார்த்தீங்களா?"

தேவராஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க குடும்பத்துல மூணு தலைமுறையா இதான் வழக்கம். தறிக்குப் பட்டும் ஜரிகையும் போறப்போ நிறுப்போம், புடவையாகி வர்றப்போ நிறுப்போம். எங்க கையைவிட்டுப் போய் வந்தாலும், நாங்களே பிரிச்சு மடிச்சாலும், நிறுக்காம உள்ள வைக்க மாட்டோம். மட்டையை வெள்ளிக்கிழமை அவன் எதிர்லயே நிறுத்தேன். சரியா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில நிறுத்தேன், அப்பவும் ஒரு கிராம் குறையலை. எடையைச் சரிகட்டி ஏமாத்தியிருக்கான்னா எவ்ளோ பெரிய கில்லாடி!"

"யோவ்!" என்றாள் ஷஹர்பானு.

ஏலவார்குழலி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, சுவரோரம் நின்ற ரங்கநாத்தைப் பார்த்தார். "தம்பி, எனக்கு இந்த விளையாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. இதுல அப்படி என்ன விசேஷம்?"

ரங்கநாத் இன்ஜினியர். விளக்கம் கேட்டால் மறுக்கத் தெரியாதவன்.

"உள்ள முழுக்கக் காலி மேடம். முகத்துத் தகடு ரொம்ப மெல்லிசு. பந்து பட்டதும் லேசா உள்ள அமுங்கித் திருப்பித் தள்ளும். அதான் ஸ்பீடு. ரொம்பத் துள்ளக்கூடாதுன்னு ரூல் போட்டுட்டாங்க. எல்லாக் கம்பெனியும் அந்த எல்லையில வந்து நின்னாச்சு. இப்ப போட்டியே மிச்ச வெயிட்டை எங்க வைக்கிறதுன்னுதான். மேல்தகட்டை இழைச்சு இழைச்சு கிராம் கிராமா மிச்சம் பிடிப்பாங்க. அதைக் கொண்டுபோய்ப் பின்னாடி வச்சா, ஓரத்துல பட்டாலும் மட்டை முறுக்கிக்காது. நம்ம தப்பைப் பொறுத்துக்கும். முன்னாடி வச்சா பந்து சுழற்சி கம்மியா, தாழ்வா, இன்னும் வேகமாப் போகும். ஆனா நடுவுல படலைன்னா தொலைஞ்சோம்."

"ரெண்டும் வேணும்னா?"

"ரெண்டும் முழுசாக் கிடைக்காது. அதுக்குத்தான் அடியில நாலு ஸ்க்ரூ. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. அதுல ஒரு ஜோடி கனம், ஒரு ஜோடி லேசு. ஆளுக்குத் தகுந்தாப்ல இடம் மாத்திக்கலாம். மாமாவுக்குக் கனமானதைப் பின்னாடிதான் வச்சுக் கொடுத்தேன். இப்பவும் அப்படியேதான் இருக்கு. அப்படி இருந்தும் கோணலாப் போகுதுன்னா இது அசல் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"அப்படித்தான் தோணுது," என்றார் ஏலவார்குழலி. ஷஹர்பானுவுக்குக் காது சூடானது. இந்த அம்மாளை நம்பி வந்ததற்கு நேராக ஸ்டேஷனுக்கே போய்ச் சண்டை போட்டிருக்கலாம்.

"உறையைக் கழட்டும்மா," என்றார் ஏலவார்குழலி.

ஷஹர்பானு உறையைப் பிடுங்கி எறிந்தாள். அது ரங்கநாத்தின் மேல் விழுந்தது. தற்செயல்தான் என்று சொல்ல முடியாது. ஏலவார்குழலி மட்டையின் தலையைக் கவிழ்த்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அதைத் தேவராஜனிடம் நீட்டினார்.

"உங்களுக்குப் பட்டு பார்த்துப் பழகின கண்ணு. கல்லுல பட்ட கீறல் எங்கே போகுதுன்னு சொல்லுங்க."

"இதோ, முகத்துக்கிட்ட ஆரம்பிச்சு…" தேவராஜன் விரலால் தடவினார். "இந்த முன் திருகாணி வரைக்கும் வருது. அந்தப் பக்கம் மறுபடி போகுது. திருகாணி மேல இல்லையே." விரல் நின்றது. பின்னால் நகர்ந்தது. "இங்க பின் திருகாணி மேல மட்டும் ஒரு கீறல் இருக்குது. சுத்தி ஒண்ணுமில்லை. ஜோடி சேரலையே! கரை ஒரு தறி, உடம்பு ஒரு தறின்னு நெய்ஞ்ச மாதிரி இருக்குது."

"அப்போ கல்லுல படுறப்போ பின்னாடி இருக்கிற இந்தக் கனமான திருகாணி எங்கே இருந்திருக்கும்?"

"முன்னாடி…" என்றவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

ஏலவார்குழலி மட்டையை மெத்தையில் வைத்தார். "ஒவ்வொண்ணாச் சொல்றேன். இது அசல் மட்டைதான். இரும்பு கல்லுல பட்டா பொறி சிவப்பாப் பறக்கும். கண்ணு கூசற வெள்ளையாப் பறந்தா அது டைட்டானியம், அசல் மட்டை செய்யற விலை ஒசந்த உலோகம். போலின்னு நீங்க கொடுத்த சாட்சியே இது அசல்னு சொல்லிடுச்சு. அடுத்தது, போட்டியில மூணாவது அடி வரைக்கும் கனமான திருகாணி முன்னாடி இருந்திருக்கு. அதுக்கப்புறம் யாரோ பின்னாடி மாத்தியிருக்காங்க. மூணாவது அடி முடிஞ்ச நிமிஷத்துலேர்ந்து பாஷாவோட காலர் உங்க கையில, அப்புறம் அவர் ஸ்டேஷன்ல. மாத்தினது அவர் இல்லை."

"சொன்னேன்ல!" என்று ஷஹர்பானு எழுந்தாள்.

"இரும்மா. முதல்ல முன்னாடி வச்சது யாரு? வெள்ளிக்கிழமை நிறுத்துட்டீங்க, சரி. உங்க கையைவிட்டே போகாத மட்டையை ஞாயித்துக்கிழமை காலையில எதுக்கு மறுபடி நிறுக்கணும்? நீங்களே சொன்னீங்க, பிரிச்சு மடிச்சா நிறுப்பீங்கன்னு. எதைப் பிரிச்சீங்க தேவராஜன்?"

தேவராஜன் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தான்.

"கூட ஆடற கொரியாக்காரர் பந்து என் பந்தைத் தாண்டித் தாண்டிப் போவுது. மாப்ளதான் சொன்னாரு, கனம் முன்னாடி இருந்தா வேகம்னு. பெட்டியில திருகாணி கழட்டுற சாவி இருந்துச்சு. மாத்தினேன். அதனால என்ன? நிறுத்துப் பார்த்தேன், எடை அப்படியேதான் இருந்துச்சு! எடை குறையலைன்னா பொருள் குறையலை. அப்புறம் எப்படிக் கோணலாப் போகும்? அவன்தான் ஏதோ பண்ணியிருக்கணும்!"

அவர் மனதாரத்தான் சொன்னார். அதுதான் ஷஹர்பானுவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஏலவார்குழலி கடையின் மீட்டர் கோலை எடுத்து, நடுவில் பட்டு நூலைக் கட்டித் தேவராஜனிடம் தொங்கவிடச் சொன்னார். ஷட்டருக்கு மாட்டும் இரண்டு பெரிய பூட்டுகளை ஷஹர்பானு கோலின் இரண்டு முனைகளிலும் கட்டினாள். ஏலவார்குழலி முனையை விரலால் சுண்டினார். கோல் சோம்பலாக, வேண்டாவெறுப்பாகத் திரும்பியது.

"இப்போ ரெண்டு பூட்டையும் நடுவுக்கு நகர்த்தும்மா. சுண்டு."

ஷஹர்பானு சுண்டினாள். அவள் சுண்டலில் ஞாயிறும் திங்களும் சேர்ந்திருந்தன. கோல் விர்ரென்று சுழன்று தேவராஜனின் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போய் புடவை அடுக்கில் போட்டது.

"எடை ஒண்ணுதான்," என்றார் ஏலவார்குழலி. "அது இருக்கிற இடம்தான் வேற. முகத்துத் தகடு மெல்லிசா இருந்தாலும் தண்டு வந்து சேர்றது அந்தப் பக்கம்தான், அங்கே ஏற்கெனவே கனம். திருகாணியையும் அங்கேயே சேர்த்ததும் எல்லாம் ஒரே இடத்துல குவிஞ்சிடுச்சு. நடுவுல அடிச்சிருந்தா கொரியாக்காரரைத் தாண்டியிருப்பீங்க. ஓரத்துல அடிச்சீங்க, மட்டை முறுக்கிக்கிச்சு, சாம்பாருக்குப் போச்சு."

தேவராஜன் கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் குனிந்தார். கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

"மிச்சம் ஒண்ணு இருக்கு. திருப்பிப் பின்னாடி வச்சது யாரு?" ஏலவார்குழலி ரங்கநாத் பக்கம் திரும்பினார். "தம்பி, 'இப்பவும் அப்படியேதான் இருக்கு'ன்னு நீங்க சொன்னப்போ மட்டை உறைக்குள்ள இருந்துச்சு."

ரங்கநாத்தின் கையில் அந்த உறை இன்னும் இருந்தது. அதை நான்காக மடித்தான். "சாயங்காலம் மட்டையை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் புரிஞ்சுடுச்சு. ஆனா அதுக்குள்ள அவரை ஸ்டேஷன்ல விட்டாச்சு. அத்தனை கெஸ்ட் முன்னாடி, மாமாதான் தப்புப் பண்ணினார்னு எப்படிச் சொல்றது? மாமாவோட கௌரவம்… ரெண்டு நாள்ல விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"நெனச்சியா?" ஷஹர்பானுவின் குரல் எதிர்பாராத அளவுக்குத் தணிந்திருந்தது. "என் பையன் நேத்து ஸ்கூலுக்குப் போகலை. எல்லாரும் கேக்கிறாங்களாம். உனக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலமே தெரியும். நீ வூட்டுக்குப் போய் சோறு துன்னுட்டுத் தூங்கியிருக்கே."

தேவராஜன் அவசரமாகத் தொலைபேசியை எடுத்தார். "எஸ்.ஐ. நமக்குத் தெரிஞ்சவரும்மா. ஒரு போன் போட்டா ஆளை அனுப்பிடுவாரு."

ஷஹர்பானு ரிசீவரை வாங்கிக் கீழே வைத்தாள். "அவரைக் காலரைப் பிடிச்சு நடத்திக்கினு போனீங்களே, அந்தத் தெருவுல நடந்து வாங்க. ரெண்டு பேரும்."

"வெயில்லயா?"

"அன்னைக்கும் வெயில்தான்."

நடந்தார்கள். தேவராஜன் கடைத்தெருவில் கால்நடையாகப் போவது அபூர்வம். எனவே கடைக்குக் கடை ஆட்கள் என்ன விஷயம் என்று விசாரித்தார்கள். விசாரித்த ஒவ்வொருவரிடமும் ஷஹர்பானு நின்றாள். பதில் வரும்வரை நகரவில்லை. "திருகாணியை நான்தான் மாத்தினேன். பாஷா திருடலை," என்று தேவராஜன் சொல்லிச் சொல்லி, ஸ்டேஷன் வந்தபோது அதை மூச்சு விடாமல் சொல்கிற அளவுக்குத் தேறியிருந்தார். பூக்காரி நீலாம்பாள் மட்டும் காது கேட்கவில்லை என்று மூன்று முறை சொல்ல வைத்தாள். அவளுக்குக் காதில் எந்தக் கோளாறும் இல்லை.

ஸ்டேஷனில் கௌஸ் பாஷா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். காலர் கிழிந்து தொங்கியது. ரங்கநாத் அவர் முன்னால் நின்று, தரையைப் பார்த்தபடி, தனக்குத் தெரிந்ததையும் தெரிந்த நேரத்தையும் சொன்னான். பாஷா கடைசிவரை கேட்டார். எழுந்து தண்ணீர்ப் பானையிடம் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

தேவராஜன் புகாரைத் திரும்பப் பெற்றுக் கையெழுத்துப் போட்டார். "அவ்ளோதான். நல்லபடியா முடிஞ்சுது," என்றார் எஸ்.ஐ. பேனாவை மூடிக்கொண்டே.

"வா பானு," என்றார் பாஷா. "போதும். வூட்டுக்குப் போலாம்."

ஷஹர்பானு எஸ்.ஐ.க்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க போய்க் குளிங்க. எனக்கு இன்னும் வேலை இருக்குது." அவள் எஸ்.ஐ.யைப் பார்த்தாள். "பேனாவைத் தொறங்க சார். பொய்ப் புகார் குடுத்தாருன்னு ஒருத்தர் மேல. உண்மை தெரிஞ்சும் மறைச்சாருன்னு இன்னொருத்தர் மேல."

எஸ்.ஐ. தேவராஜனைப் பார்த்தார். தேவராஜன் ஏலவார்குழலியைப் பார்த்தார். ஏலவார்குழலி ஷஹர்பானுவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சாட்சி நான்," என்றார். "எழுதுங்க."