'போகலாமா' என்று கேட்ட படகுகள்

வெள்ளிமணல்துறையில் படகு கிளம்பலாமா என்று ஆள் முடிவு செய்வதில்லை. படகில் பொருத்திய தன்னோட்டிதான் முடிவு செய்யும். காற்று குறைவா, அலை அடங்கியதா, டீசல் உண்டா, ஆளுக்கொரு மிதவைச் சட்டை உண்டா என்று ஒவ்வொரு படகின் நிரலிலும் நாற்பது வரி 'இப்படி இருந்தால், அப்படி இருந்தால்'. ஒன்றை மாற்றினால் நூற்றுப்பன்னிரண்டு படகிலும் மாற்ற வேண்டும். துறைமுக நிரலாளி பிலோமிக்கு அலுத்துவிட்டது. நாற்பது வரியையும் ஒரே இடத்தில் எழுதி 'போகலாமா' என்று பெயர் வைத்தாள். இனி எந்தப் படகும் அந்தத் துணைக்கேள்வியைக் கேட்டால் போதும். ஆம் அல்லது இல்லை.

ஊருக்குத் திருப்தி. ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை கடலுக்குப் போவதில்லை என்ற வழக்கத்தையும் அதில் சேர்க்கச் சொன்னது ஊர்க்கமிட்டி. ஒரு வரிதான், சேர்த்தாள். சுருக்கம் நல்லதுதான். மூட்டை சின்னதாகிவிட்டால் உள்ளே என்ன கிடக்கிறது என்று எவனும் பிரித்துப் பார்ப்பதில்லை, அதுதான் கேடு.

ஒரு நாள் காலையில் ஊர்ப் பெரியவர் இஞ்ஞாசியார் இறந்தார். அதே நேரம், முந்தின நாள் கடலுக்குப் போன செலஸ்டின் எஞ்சின் நின்று இருபது மைல் தொலைவில் மிதப்பதாக வயர்லெஸ்ஸில் சேதி வந்தது. படகில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஆளில்லா மீட்புப்படகை ஏவினார்கள். அசையவில்லை. அதுவும் 'போகலாமா' என்றுதான் கேட்டது, இல்லை என்று பதில் வந்தது. மற்றப் படகுகளும் அப்படியே நின்றன.

செலஸ்டினின் மனைவி ஸ்டெல்லா பிலோமியின் அலுவலகத்துக்கு வந்தாள். கத்தவில்லை.

"செத்தவருக்கு ஒம் பெட்டி மரியாத செய்யுது பிள்ள. உசிரோட கெடக்குறவனுக்கு என்ன செய்யும்?"

"பத்து நிமிசம் குடுங்க மைனி. மீட்புப்படகுக்குத் தனியா எழுதுதேன்."

"அதுவும் நாப்பது வரியா?"

"ஒத்த வரி."

'மீட்கலாமா' என்று புதிய துணைக்கேள்வி. கடலில் நம் ஆள் இருந்தால், ஆம். அவ்வளவுதான். மீட்புப்படகு சீறிக்கொண்டு போனது. மதியத்துக்குள் செலஸ்டின் கரையேறினான், நனைந்துபோன பீடிக்கட்டைத் திட்டிக்கொண்டே. மாலையில் இஞ்ஞாசியாரின் சவப்பெட்டிக்கு அவனும் தோள் கொடுத்தான். ஊரே பிலோமியை மெச்சியது.

மறுநாள் விடிந்ததும் 'போகலாமா' ஆம் என்றது. படகுகள் எல்லாம் கிளம்பின. பின்னாலேயே சங்கு ஊதிக்கொண்டு, யாரும் ஏவாமலே, மீட்புப்படகும் கிளம்பியது. கடலில்தான் நம் ஆட்கள் இருக்கிறார்களே.

முதலில் அகப்பட்ட படகைக் கொக்கி போட்டுக் கரைக்கு இழுத்துவந்தது. மச்சான் படகில் ஏறிப்போயிருந்த செலஸ்டின்தான் அதில் இருந்தான். அவனை மணலில் விட்டுவிட்டு, அடுத்த ஆளைக் காப்பாற்றத் திரும்பிப் போனது.