ஏபோவின் இடது கை

ஒரு வாரமாக எனக்குக் கோபம். சாப்பிடும்போதும் கோபம், கணக்குப் போடும்போதும் கோபம். எல்லாம் ஃபீஃபி மாமாவால்தான்.

என் தம்பி ஏபோவுக்கு ஐந்து வயது. அவனுக்கு ஆட்டிசம். பேச மாட்டான், வேண்டியதைக் கையால் காட்டுவான். அதுவும் இடது கையால். வெள்ளிக்கிழமை தக்கோராடி நகரில் ஒரு மருத்துவமனையில் அவனுக்குச் சோதனை. அவனுக்கு என்னென்ன புரிகிறது, எப்படி யோசிக்கிறான் என்று பார்த்து எழுதித் தருவார்கள். அந்தத் தாள் இருந்தால்தான் செப்டம்பரில் அவனுக்கு ஏற்ற வகுப்பில் இடம் கிடைக்கும்.

மருத்துவமனைக் கடிதத்தை நான்தான் உரக்க வாசித்தேன். ‘நன்றாகத் தூங்க விடுங்கள். எதையும் சொல்லிக்கொடுத்துப் பழக்காதீர்கள்.’

மாமா அதைக் காதில் வாங்கவே இல்லை.

“பெரியவங்க முன்னாடி இடது கைய நீட்டினா என்ன நெனப்பாங்க? புள்ள வளர்த்த லட்சணத்தப் பாருன்னு சொல்லுவாங்க.”

அன்றிலிருந்து தினமும் பாடம். ஏபோ இடது கையை நீட்டினால் வறுத்த வாழைக்காய் கிடையாது. புறங்கையில் அடி வேறு.

“மாமா, அவனுக்கு அந்தக் கைதான் வாய். அதையும் மூடிட்டா எப்படிப் பேசுவான்?”

“உன் வாய்தான் ரொம்ப நீளம். போ, போய்த் தண்ணி பிடி.”

“விடு அபா, ஊர் வழக்கம்” என்றாள் அம்மா. அவள் மீதும் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை நாங்கள் நால்வரும் மருத்துவமனைக்குப் போனோம். சோதனை செய்யும் குவான்சா மேடம் மேசையில் மரக்கட்டைகளைக் கொட்டினார். “சோதனை அப்புறம். முதல்ல விளையாடு ஏபோ.”

ஏபோ கட்டைகளை ஆசையாகப் பார்த்தான். பிறகு இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். வீட்டில் பால் டப்பாக்களை என் தோள் உயரத்துக்கு அடுக்குகிற பையன் அவன்.

மேடம் வெகுநேரம் காத்திருந்துவிட்டுப் பேனாவை மூடினார். “தொடவே இல்லைன்னா இன்னைக்கு ஒண்ணும் செய்ய முடியாது. இனிமே டிசம்பர்லதான் இடம் இருக்கு.”

“ரொம்ப அடக்கமான பையன்” என்றார் மாமா, பெருமையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் ஒரு சிவப்புக் கட்டையை எடுத்து, மேடத்திடம் இடது கையால் நீட்டினேன்.

கானாவில் பெரியவர்களிடம் இடது கையை நீட்டுவதும் அவர்களைத் திட்டுவதும் ஒன்றுதான். அம்மாவுக்கு மூச்சே வரவில்லை. மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“மன்னிச்சுக்கோங்க மேடம், மரியாதை தெரியாம செய்யல. இவன் இடது கைக்காரன். ஒரு வாரமா அந்தக் கைய நீட்டினா அடி விழுது. அதான் அதுமேல உட்கார்ந்திருக்கான். இவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிடாதீங்க.”

கட்டையை நீட்டியபடியே நின்றேன்.

மேடம் மாமாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் இடது கையை நீட்டிக் கட்டையை வாங்கிக்கொண்டார். “நன்றி அபா. இன்னொண்ணு குடு.”

கொடுத்தேன். அதையும் இடது கையால் வாங்கி, முதல் கட்டையின் மேல் வைத்தார். மூன்றாவது கட்டையை நான் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஏபோவின் கை தொடைக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தது.

மாமா வாயைத் திறந்தார்.

“சார், நீங்க வெளியில உட்காருங்க” என்றார் மேடம். “நீயும் போ அபா. சோதனைய ஆரம்பிக்கலாம்.”

பெஞ்சில் ஒரு மணி நேரம். மாமா ஒரு முனையில், நான் மறு முனையில்.

கதவு திறந்தது. ஏபோ அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தான். மாமாவிடம் இருந்த தண்ணீர் பாக்கெட்டைப் பார்த்ததும் இடது கையை நீட்டினான்.

மாமா என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன். அவர் பாக்கெட்டின் மூலையைக் கிழித்து, அந்தக் கையிலேயே கொடுத்தார்.

என் கோபத்தில் பாதி போனது. மீதியை வைத்துக்கொண்டேன்.