சொல்லிக்கொண்டு போனவன்

வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு அவர்கள் வந்து இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ஜட்காக்காரனை அனுப்பிவிட்டு நல்லகாமன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். காலையிலிருந்து அவனுக்கு இதே வேலை. நாயக்கர் மகாலின் தூண்களை அண்ணாந்து பார்த்தபோதும் ஒரு கை பையில்தான் இருந்தது. சிம்மக்கல்லில் நுங்கு விற்றவள் மேலும் சந்தேகம், வழி சொன்ன கிழவர் மேலும் சந்தேகம்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பினாங்கில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அப்பா திருமங்கலத்துப் பக்கமிருந்து கப்பலேறியவர். காலேஜ் படிப்புக்காக மதுரைக்கு அனுப்பும்போது, துறைமுகத்தில் அழுதுகொண்டே அம்மா புத்தி சொன்னாள்: "மருதையில யாரையும் நம்பாத. எந்த வீட்டுல கை நனைச்சாலும் 'போயிட்டு வாரேன்'னு சொல்லாமக் கெளம்பாத." ஒற்றைப் பிள்ளை. இரண்டையும் தட்டாமல் செய்து வந்தான்.

கூட வந்த விருமாண்டி விடுதியில் பக்கத்துப் படுக்கைக்காரன், உள்ளூர்ப் பயல். குளத்தைக் கண்டதும் கோவணத்தோடு குதித்துவிட்டான்.

"வா மாப்ள, தண்ணி சில்லுன்னு இருக்கு!"

"நீ நீந்து. எனக்குத் தாகமா இருக்கு. குடிக்கத் தண்ணி எங்கயாச்சும் கெடைக்குதான்னு பாத்துட்டு வாரேன்."

கடைத் தண்ணீரையும் அவன் நம்புகிற ஆளில்லை. குளத்துக்குத் தெற்கே ஒரு தெருவுக்குள் நுழைந்தான்.

பட்டப்பகலில் அங்கே ஆள் நடமாட்டமே இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. வழியெல்லாம் செவ்வந்தி இதழ்கள் உதிர்ந்து கிடந்தன. ஏதோ சாமி ஊர்வலம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஒரு வீட்டின் கதவு மட்டும் விரியத் திறந்திருந்தது. வாசலிலிருந்து உள்வரை தரையெல்லாம் கழுவிவிட்ட ஈரம். நல்ல சுத்தக்காரர்கள் என்று மெச்சிக்கொண்டான், புத்திசாலி!

"வீட்டுல யாருங்க? குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும்."

பானைக்குள் செம்பு முங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். தலையிலிருந்து ஈரம் சொட்டியது. சீயக்காய் வாசனை. அதற்கு அடியில், வாடிய பூவும் ஊதுபத்தியும் கலந்த வேறொரு வாசனை. விளிம்பு நசுங்கிய பித்தளைச் செம்பை நீட்டினாள். தண்ணீர் பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது.

"எந்த ஊருய்யா?"

"பினாங்கு."

"கப்பல்ல போற ஊரா? எம்மகனும் கப்பல்லதான் போனான், ரங்கூனுக்கு. ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டான். சொல்லிட்டுப் போயிருந்தா திரும்பி வந்திருப்பான்ல?"

இவள் ஏன் இப்படி உற்றுப் பார்க்கிறாள்? கை தானாகப் பைக்குப் போனது. அப்போதுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. அவள் நெற்றியில் வட்டமாக ஒரு தடம், காசை வைத்து அழுத்தியதுபோல. கால் பெருவிரலில் ஒரு வெள்ளைத் துணிக் கிழிசல். அவளுக்குப் பின்னால் வெறுந்தரையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பகலில் விளக்கு.

அவள் கண் இமைக்கவே இல்லை.

செம்பை அவளிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினான். ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனாலும் வாய் பழக்கத்தை விடவில்லை.

"போயிட்டு வாரேன் ஆத்தா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "வாய்யா. காத்திருக்கேன்."

குளத்துப் படியில் வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்த விருமாண்டி, நல்லகாமன் நடந்ததைச் சொல்லச் சொல்ல, முதலில் கேலியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். பாதியில் அவன் முகம் வெளிறிப்போனது.

"அட மடப்பயலே! தெருவுல பூ, கழுவிவிட்ட வீடு, தரையில வெளக்கு... அது எழவு வீடுடா! பொணத்தை எடுத்த வீட்டுல 'போயிட்டு வாரேன்'னு யாராச்சும் சொல்லுவாகளா? வாயைத் தொறக்காம வந்துரணும்."

"சொன்னா என்ன?"

"எங்க சித்தப்பா வாய்தவறிச் சொல்லிட்டாரு. அந்த வீட்டுக் கருமாதி வர்றதுக்கு முன்னாடி அவரைத் தூக்கிட்டோம்."

நல்லகாமனுக்கு அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

"நட! பொழுது சாயறதுக்குள்ள அதே வாசல்ல நின்னு, வரமாட்டேன்னு சொல்லிரணும். அப்படித்தான் வாக்கைத் திருப்பி வாங்குவாக."

தெருவில் இப்போது ஆட்கள் இருந்தார்கள். ஈரத்தலையோடு பெண்கள் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். இறந்துபோனவள் பெயர் சோணையம்மாள். அவளுடைய அண்ணன் மொக்கையனிடம் விருமாண்டி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். தங்கை ஒச்சாயி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணி குடுத்தது யாருய்யா? நாங்க அம்புட்டுப் பேரும் வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருந்தோம். வீட்டுல யாருமே இல்லையே."

நல்லகாமன் நெற்றித் தடத்தைச் சொன்னான். கால்விரல் துணியைச் சொன்னான்.

ஒச்சாயி சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நெத்தியில காசு வச்சது நாந்தான்," என்றாள் மெதுவாக. "காலைக் கட்டுனதும் நாந்தான்."

நல்லகாமன் வாசலுக்கு எதிரே போய் நின்றான். உள்ளே அந்த விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

"ஆத்தா, நான் வரமாட்டேன்."

விளக்கு அசையவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. அவனுக்கு உயிர் வந்தது. மகனுக்காகக் காத்துக் கிடந்தவளை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. விருமாண்டி பெருமூச்சு விட்டு அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

மொக்கையன் கிட்டே வந்து தோளைத் தட்டிக்கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஒன்னையப் பெத்தவ அம்புட்டுத் தூரத்துல பாத்துக்கிட்டு இருப்பா. பத்திரமாப் போய்ச் சேருய்யா."

மதுரைக்கு வந்த நாளிலிருந்து அவனிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. நெஞ்சு இளகிவிட்டது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட பிள்ளை தன் நாக்கை மட்டும் சந்தேகப்படவில்லை. கும்பிட்டான்.

"போயிட்டு வாரேங்க."

விருமாண்டியின் கை அவன் வாயைப் பொத்துவதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

உள்ளே, ஆளில்லாத வீட்டில், பானைக்குள் செம்பு முங்கியது.

எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். நிலைப்படியில் விளிம்பு நசுங்கிய அந்தச் செம்பு இருந்தது. அதில் நிறையத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.